பனிமூட்டம் அழுத்திய பொத்தான்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளைக் கொண்டு பறவைப் பதிவு ஒன்று நடத்துகிறார். எந்தப் பறவை, எத்தனை மணிக்கு, எந்த மரத்தில் என்று எழுதி வைக்கும் ஒரு கொப்பி. அந்தக் கொப்பிக்குப் படம் வேண்டும் என்றுதான் இந்த வேலை ஆரம்பித்தது. கையில் இருந்தது கெனன் பவர்ஷொட் ஏ570 ஐஎஸ். 2007இல் வந்த மொடல், 7.1 மெகாபிக்சல், 4 மடங்கு சூம், இரண்டு ஏஏ பெட்டரியில் ஓடும். கொழும்பில் வேலை செய்யும் உறவுக்காரர் ஒருவர் நல்ல ஃபோன் வாங்கிய பிறகு ஊருக்குக் கொடுத்துவிட்ட கமெரா. 2022 நெருக்கடிக்குப் பிறகு கடையில் கமெரா விலை கேட்டுப் பார்த்தவர்களுக்கு, இதையே ஏன் கட்டிக்கொண்டு அழுதோம் என்று சொல்லத் தேவையில்லை.

குறி மஞ்சள்காதுச் சின்னான். இலங்கையின் மலைநாட்டில் மட்டும் இருக்கும் பறவை. கழுத்து நீளமான லென்ஸ் வைத்திருப்பவர்கள் இதை நுவரெலியா விக்டோரியா பூங்காவில் நின்று சுகமாக எடுத்துக்கொண்டு போவார்கள். ஏ570இல் சூமை முழுக்க இழுத்தால் 140 மில்லிமீட்டருக்குச் சமமான லென்ஸ்தான். பத்து மீட்டர் தூரத்தில் அது பார்க்கும் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். பறவையோ ஒரு சாண் அளவு. அதாவது படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதே கமெராவை ஒரு மீட்டர் கிட்டக் கொண்டுபோய் வைத்தால் பறவை படத்தை நிறைத்துவிடும். ஆனால் ஒரு மீட்டருக்குள் மனுசன் நின்றால் பறவை வராது. கமெரா அங்கே, ஆள் இங்கே. நடுவில் ஏதாவது ஒன்று பொத்தானை அழுத்த வேண்டும்.

கைவசம் இருந்த வழிகள்

சுயமாக எடுக்கும் டைமர் இதற்கு உதவாது. பத்து செக்கன் கழித்துப் பறவை எங்கே இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இந்தக் கமெராவில் ரிமோட் சொருகும் துளையும் கிடையாது.

ஆசிரியரின் முதல் யோசனை கமெராவைத் திறந்து, பொத்தானுக்கு அடியில் இரண்டு வயர் சொல்டர் பண்ணி வெளியே எடுப்பது. நான் மறுத்துவிட்டேன். ஃபிளாஷ் உள்ள எந்தக் கமெராவுக்குள்ளும் கிட்டத்தட்ட 300 வோல்ட் ஏற்றி வைத்திருக்கும் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். பெட்டரியைக் கழற்றிய பிறகும் அது சும்மா இருக்காது. பாடசாலையில், பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கும்போது, அதைத் திறப்பதற்கு எனக்குத் தைரியம் இல்லை. தேவையும் இல்லை.

அடுத்தது கேபிள் வழி. சமவெளியில் இதைச் செய்பவர்கள் சைக்கிள் பிரேக் கேபிளை எடுப்பார்கள். நம்ம ஊர் ஏற்றத்தில் சைக்கிள் ஓட்டுகிறவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் த்ரீவீலர் இல்லாத சந்தி கிடையாது. அதன் எக்சலேட்டர் கேபிள் தலவாக்கலையில் எந்தப் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். கேபிள் நன்றாகவே இழுக்கும். பிரச்சினை நீளம். இரண்டு மீட்டரைத் தாண்டி, வளைந்து நெளிந்து போனால் உள்ளே உராய்வு கூடி, அரை அழுத்தம், முழு அழுத்தம் என்ற வித்தியாசம் கையில் தெரியாமல் போய்விடும். காம்பாக்ட் கமெராவுக்கு அந்த அரை அழுத்தம்தான் உயிர். அதில்தான் அது குவியம் (ஃபோகஸ்) பார்க்கிறது.

மிச்சம் இருந்தது யூஎஸ்பி வழி. அதைத்தான் எடுத்தோம்.

யூஎஸ்பி துளைக்குள் இருந்த பொத்தான்

கெனனின் பழைய காம்பாக்ட் கமெராக்களுக்கு சிஎச்டிகே என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. கெனன் ஹேக் டெவலப்மென்ட் கிட் என்பதன் சுருக்கம். கம்பனி வெளியிட்டது அல்ல. ஆர்வலர்கள் எழுதி இலவசமாகக் கொடுப்பது. பயப்படத் தேவையில்லாத ஒரு குணம் அதற்கு உண்டு. கமெராவுக்குள் இருக்கும் மென்பொருளை அது அழித்து எழுதாது. மெமரி கார்டில் இருந்தபடியே ஓடும். கார்டைக் கழற்றினால் கமெரா பழைய கமெராதான்.

கம்ப்யூட்டருடன் கேபிள் போட்டால், யூஎஸ்பி வழியாக 5 வோல்ட் வருவதைக் கமெரா உணரும். வழக்கமாக உடனே திரையை மாற்றி, படங்களை இறக்கத் தயாராகும். சிஎச்டிகேயில் ரிமோட் வசதியைத் திறந்துவிட்டால் அந்தப் பழக்கம் மாறிவிடும். வோல்டேஜ் வந்ததும் கமெரா குவியம் பார்த்துக் காத்திருக்கும். வோல்டேஜ் நின்றதும் படம் எடுக்கும். தகவல் எதுவும் அனுப்பத் தேவையில்லை. வெறும் மின்சாரம், இருக்கிறது, இல்லை, அவ்வளவுதான். சரியாக 5 வோல்ட் வேண்டும் என்றும் இல்லை, 3 வோல்ட்டுக்கு மேல் போனாலே பெரும்பாலான மொடல்களுக்குப் போதும். ஆனால் 5ஐத் தாண்டவிடக் கூடாது. நான்கு பெட்டரி போட்டால் 6 வோல்ட், அது வேண்டாம். மூன்று போட்டால் 4.5 வோல்ட், அதுதான் சரி. சார்ஜ் ஏற்றும் பெட்டரி மூன்று என்றால் 3.6 வோல்ட், அதுவும் சரி.

சிஎச்டிகே போடுவதில் இரண்டு இடத்தில் ஆட்கள் சிக்குவார்கள். ஒன்று, ஒரே மொடலிலேயே உள் மென்பொருளின் பதிப்புகள் வேறுபடும். உங்கள் கமெராவின் பதிப்புக்கு உரியதைத்தான் எடுக்க வேண்டும். மற்றது கார்ட். ஏ570 காலத்துக் கமெராக்கள் பெரிய கார்டில் இருந்து சிஎச்டிகேயைக் கிளப்பத் தகராறு பண்ணும். 2 ஜிபி கார்டை ஃபாட்16 முறையில் ஃபோர்மட் பண்ணினால் தலைவலி இல்லை. 2 ஜிபி கார்டுக்கு இப்போது எங்கே போவது? பழைய பட்டன் ஃபோன்களுக்குள் பாருங்கள். அதில் இருக்கும் மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரில் போட்டால் முடிந்தது. அடாப்டரின் ஓரத்தில் இருக்கும் சிறிய பூட்டை மூடிய பக்கம் தள்ள வேண்டும். பூட்டிய கார்டைக் கண்டால்தான் கமெரா சிஎச்டிகேயைத் தானாகக் கிளப்பும். பூட்டியிருந்தாலும் படம் பதிவாகும், சிஎச்டிகே அதைப் பார்த்துக்கொள்ளும். ஏ570இல் படம் அச்சிடுவதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறதே, யாரும் தொடாதது, அதை அழுத்தினால்தான் சிஎச்டிகேயின் மெனுவுக்குப் போகலாம்.

டோர்ச்சில் செய்த ரிமோட்

பிள்ளை ஒருத்தியின் வீட்டில் எல்ஈடி கெட்டுப்போன டோர்ச் ஒன்று கிடந்தது. மூன்று ஏஏஏ பெட்டரி போடுகிற வகை. இந்த வேலைக்கு அதைவிட நல்ல பொருள் கடையில் விலைக்கு இல்லை என்பேன். பெட்டரிக் கூடு இருக்கிறது, 4.5 வோல்ட் இருக்கிறது, பின்பக்கம் ரப்பர் மூடிய சுவிட்ச் இருக்கிறது. எல்ஈடியைக் கழற்றி எறிந்துவிட்டு, அது நின்ற இரண்டு முனையிலும் வயரைச் சொல்டர் பண்ணினோம். டோர்ச் சுவிட்ச் ஒருமுறை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், இன்னொரு முறை அழுத்தினால் விடும். இது குறை மாதிரித் தெரியும். ஆனால் சிஎச்டிகேயின் பழக்கத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. முதல் அழுத்தில் குவியம், இரண்டாம் அழுத்தில் படம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட ஒரு தடவை காட்டினால் போதும்.

மற்றப் பக்கம், மினி யூஎஸ்பி முனை உள்ள பழைய கேபிள் ஒன்றை வெட்டினோம். உள்ளே சிவப்பு நேர்முனை, கறுப்பு எதிர்முனை, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. தகவல் வயர் இரண்டையும் தனித்தனியே டேப் சுற்றி மூடிவிட வேண்டியதுதான். மலிவான கேபிள்களில் நிறத்தை நம்பாதீர்கள். பெரிய முனையை ஒரு ஃபோன் சார்ஜரில் சொருகி, வெட்டிய இடத்தில் மல்டிமீட்டர் வைத்தால் எது நேர், எது எதிர் என்று அதுவே சொல்லிவிடும். தலைகீழாகக் கொடுத்துக் கமெராவைக் கொன்ற பிறகு நிறத்தைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை.

இடையில் பத்து மீட்டர் டெலிபோன் வயர். இவ்வளவு நீளத்தில் வோல்டேஜ் இறங்காதா என்று ஆசிரியர் கேட்டார். போய் வரும் இரண்டு கம்பியும் சேர்ந்து 2 ஓம் அளவில்தான் வரும். கமெரா இந்தத் துளையில் குடிக்கும் கரண்ட் மிகமிகக் கொஞ்சம். இறங்குவது மில்லிவோல்ட் கணக்கு. நீளத்தைப் பற்றிய கவலை வீண்.

மொத்தச் செலவு, ஹட்டனில் இரண்டு பேர் கொத்து சாப்பிடுகிற காசுக்குள் அடங்கியது.

கமெராவின் அமைப்புகளில்தான் நேரம் போனது. தானாக அணையும் வசதியை நிறுத்தாவிட்டால் சில நிமிடங்களில் லென்ஸ் உள்ளே போய்விடும். பீப் சத்தம், ஃபிளாஷ், குவியம் பார்க்க எரியும் விளக்கு, மூன்றையும் நிறுத்த வேண்டும். பறவை வந்து உட்காரப்போகும் குச்சியைப் பார்த்து, குவியத்தைக் கையாலேயே வைத்துவிட்டோம். பனி நேரத்தில் தானியங்கிக் குவியம் வெள்ளைச் சுவரைப் பார்ப்பது போல முழிக்கும், அதை நம்ப முடியாது. சிறிய சென்சர் என்பதால் குச்சிக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் படம் தெளிவாகவே வருகிறது. பெரிய கமெராக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

கமெராவுக்கு மழைக்கோட்டு, லஞ்ச் ஷீட். லென்ஸுக்கு மட்டும் ஓட்டை. குச்சிக்குக் கீழே, கிணற்றடி மரத்தில் பழுத்த மரத்தக்காளி இரண்டு. கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் வைப்பதில்லை என்று ஆசிரியர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அதில் எனக்கும் முழு உடன்பாடு. குஞ்சைப் படம் எடுக்கப் போய்த் தாயைத் துரத்தியதாகிவிடும்.

கமெரா தானாகப் படம் எடுத்த கதை

வெயில் நாளில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. பிறகு ஒரு நாள் ஆசிரியர் ஃபோன் பண்ணினார்.

"அண்ணே, கமெரா தானாவே படம் புடிக்குது. யாரும் கிட்டப் போகல்ல."

"சேர், புள்ளைங்க யாராவது டோர்ச்சைத் தொட்டிருப்பாங்க."

"டோர்ச் என் மேசையில இருக்கு அண்ணே."

கார்டைக் கொண்டுவரச் சொன்னேன். வெறும் குச்சி. பக்கம் பக்கமாக வெறும் குச்சி. நடுவில் ஒரு படத்தில் பூனை. பிள்ளைகளுக்குள் ஒரு பேச்சு ஓடியிருந்தது, அதை இங்கே எழுதவில்லை, பழைய பங்களாக் கதைகள் தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆசிரியருக்கு சிஎச்டிகே மேல் சந்தேகம். எனக்கு வயரின் இணைப்பு ஆடுகிறதோ என்ற எண்ணம். இரண்டும் சரிவரவில்லை. மென்பொருள் பிழை என்றால் மத்தியானத்திலும் வரவேண்டும். இணைப்பு ஆடினால் காற்றடிக்கும் நேரத்தில் வரவேண்டும்.

வழி காட்டியது படங்களுக்குள் பதிந்திருந்த நேரம். டிஜிட்டல் படம் ஒவ்வொன்றிலும் எடுத்த நேரம் தானாக எழுதப்பட்டிருக்கும். ஆசிரியர் அதை வரிசையாக ஒரு தாளில் எழுதினார். பறவைக் கொப்பி எழுதும் ஆள், அந்தப் பொறுமை அவருக்கு உண்டு. காலை எட்டு மணிக்கு முன்னால் ஒரு கூட்டம், பின்னேரம் நான்குக்குப் பிறகு இன்னொரு கூட்டம். நடுப்பகலில் ஒன்றுகூட இல்லை. அதோடு தனித்தனியாகவும் இல்லை, அடுத்தடுத்து மளமளவென்று ஐந்தாறு, பிறகு அமைதி, பிறகும் ஐந்தாறு. பாடசாலை இருக்கும் மேட்டில் பனிமூட்டம் ஏறி இறங்கும் நேரமும் அதுதான்.

காலையில் போய், டோர்ச்சை அணைத்து வைத்தபடி, வயரின் கமெராப் பக்க முனையில் மீட்டரைப் பிடித்தோம். பூச்சியம் காட்டவேண்டிய இடத்தில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஒரு இடத்தில் நிற்கவும் இல்லை, ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. வெயில் ஏறிய பிறகு அதே இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

டோர்ச்சின் ரப்பர் மூடி கிழிந்திருந்தது. பிள்ளைகள் ஈரக் கையோடு பிடிப்பார்கள், யன்னல் வழியே மூட்டம் வகுப்புக்குள்ளேயே வரும். சுவிட்சின் இரண்டு தகட்டுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம். அதன் வழியாக ஒழுகும் கரண்ட் ஒரு எல்ஈடியைப் பகல் வெளிச்சத்தில் தெரியும்படி எரிய வைக்கப் போதாது. அதனால்தான் டோர்ச்சாக இருந்த காலத்தில் யாருக்கும் இது தெரியவில்லை. ஆனால் கமெராவின் துளை கரண்டை எதிர்பார்ப்பதில்லை, வோல்டேஜைத்தான் பார்க்கிறது. கரண்டை விழுங்க அங்கே ஒன்றும் இல்லாததால் ஒழுகி வந்த சொற்பமும் அப்படியே தேங்கி, வோல்டேஜாக எழுந்து நின்றது. எல்லைக்கு மேலே போனபோது கமெரா குவியம் பார்த்தது, கீழே இறங்கியபோது படம் எடுத்தது. எல்லையிலேயே தள்ளாடியபோது ஐந்தாறு படம் மளமளவென்று விழுந்தது. பெட்டரி சீக்கிரம் தீர்ந்ததற்கும் இதுவே காரணம். பாதி நேரம் கமெரா அரை அழுத்தத்திலேயே விழித்துக்கொண்டிருந்திருக்கிறது.

தீர்வு ஒரு ரெசிஸ்டர், கரண்டுக்குத் தடை போடும் சிறிய பாகம். 10 கிலோ ஓம், கால் வொட். கமெராப் பக்கத்து யூஎஸ்பி முனைக்குக் கிட்ட, சிவப்புக்கும் கறுப்புக்கும் குறுக்கே. ஒழுகி வரும் கரண்ட் அதன் வழியாக இறங்கிப் போய்விடும். மறுபடி மூட்டத்தில் மீட்டரைப் பிடித்தபோது 0.3 வோல்ட். பெட்டரி 4.5, ரெசிஸ்டரில் 0.3 என்றால், ஈரப் படலத்தின் தடை சுமார் 140 கிலோ ஓம் என்று கணக்கு வருகிறது. இதை ஆசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். ஓமின் விதியைப் புத்தகத்தில் படித்த பிள்ளைகள் பனியின் தடையைக் கணக்கிட்டது அன்றைக்குத்தான். பொத்தான் அழுத்தியிருக்கும்போது ரெசிஸ்டர் குடிப்பது அரை மில்லி ஆம்பியர் அளவு. அதற்காகப் பெட்டரி அழாது.

இந்த ரிமோட்டை எப்படிச் செய்வது என்று சொல்பவர்கள் வழக்கமாகப் பெட்டரி, சுவிட்ச், கேபிள் என்ற மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். காய்ந்த ஊரில் அது போதும். நுவரெலியா, ஹப்புத்தளை, பண்டாரவளை மேடுகளில் இதைச் செய்கிறவர்கள் ரெசிஸ்டரை முதல் நாளே போட்டுவிடுங்கள். சுவிட்சை மாற்றினாலோ, ரப்பர் மூடியை ஒட்டினாலோ சரியாகிவிடும் என்று சிலர் சொல்லலாம். ஒட்டுங்கள், நல்லதுதான். ஆனால் ஈரத்தை எத்தனை நாளைக்கு வெளியே நிறுத்துவீர்கள்? உள்ளே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாதபடி வைப்பதுதான் புத்தி. செய்து முடித்ததும் சோதிக்க மூட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சுவிட்சின் பின்பக்கத்தைத் திறந்து வாயால் நன்றாக ஆவி ஊதிவிட்டு மீட்டரைப் பாருங்கள். ஒரு வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

கிடைத்ததும் கிடைக்காததும்

சின்னான் கிடைத்தது. காதருகே மஞ்சள் இறகுக் கொத்து, மரத்தக்காளிச் சாறு ஒட்டிய அலகு, எல்லாம் கொப்பியில் ஒட்டுகிற அளவுக்குத் தெளிவாக. இலங்கை வெள்ளைக்கண்ணி கூட்டமாக வந்துபோகும், அதுவும் விழுந்தது. எதிர்பாராத லாபம், இரண்டு சின்னான்கள் ஒரே பழத்துக்கு முறைத்துக்கொள்ளும் வரிசைப் படங்கள். பக்கத்தில் ஆள் நின்றிருந்தால் அந்தச் சண்டை நடந்தே இருக்காது.

பறக்கும் பறவையை இதில் எடுக்க முடியாது. சுவிட்சை விட்ட பிறகு கமெரா கொஞ்சம் யோசித்துத்தான் எடுக்கும். குவியத்தைக் கையால் வைத்ததால் அந்த யோசனை குறைந்தது, போய்விடவில்லை. மூட்டத்தில் வெளிச்சம் குறையும்போது ஐஎஸ்ஓவை, அதாவது சென்சரின் ஒளி உணர்திறனை, 400க்கு மேல் தள்ளினால் படம் மண் தூவினது போல ஆகிவிடும். அந்த நேரத்தில் எடுக்காமல் விடுவதே மேல். தை மாதக் காலைக் குளிரில் சாதாரண அல்கலைன் பெட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகிறது. கமெராவுக்குள் சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பெட்டரிதான் சரி. வெளியே குளிரில் இருந்த கமெராவை நேரே அடுப்படிக்குள் கொண்டுபோனால் லென்ஸில் தண்ணீர் பூக்கும். பையில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். அப்புறம் குரங்கு. குரங்குக் கூட்டம் வந்தால் படத்தை மறந்துவிட்டுக் கமெராவைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இப்போது பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையும் கேட்கிறது. அவர்களிடம் இருப்பது கெனன் அல்ல, சிஎச்டிகே அதில் ஓடாது. அதற்குச் சிரிஞ்ச் வழியைத் தொடங்கியிருக்கிறோம். ஃபார்மசியில் 5 மில்லிலீட்டர் சிரிஞ்ச் இரண்டு, இடையில் சேலைன் குழாய். ஒன்றை இங்கே அழுத்தினால் மற்றது அங்கே கமெராவின் பொத்தானை அழுத்தும். குழாயில் காற்று இருந்தால் நீளம் கூடக்கூட அழுத்தம் குழாய்க்குள்ளேயே சுருங்கிப்போகும். தண்ணீர் நிரப்பி, குமிழி ஒன்றுகூட இல்லாமல் வெளியேற்றினால் ஐந்து மீட்டர் தூரத்தில் அரை அழுத்தமும் முழு அழுத்தமும் விரலில் பிரித்துத் தெரிகிறது. சிரிஞ்சைக் கமெராவின் மேல் பிடித்து நிறுத்தும் சட்டம்தான் இன்னும் சரிவரவில்லை. மூங்கிலில் செய்தது அழுத்தும்போது வளைந்து, பொத்தானுக்குப் போகவேண்டிய அழுத்தத்தைத் தானே வாங்கிக்கொள்கிறது. ஸ்டோரில் கழித்துப் போட்ட அலுமினியக் கோணச்சட்டம் ஒன்று தருவதாக மாணவன் ஒருவனின் அப்பா சொல்லியிருக்கிறார். அது வந்ததும் கமெராவின் அடியில் இருக்கும் ட்ரைபொட் துளையில் கால் அங்குலத் திருகாணி போட்டு, சட்டத்தை அதோடு இறுக்கப் போகிறோம்.